பெஞ்சில் இருந்தவன் பேசுகிறேன்

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், விளையாட்டு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேடையில் இப்போது பேச வேண்டியவன் நான் அல்ல. எங்கள் காலத்துக் கூடைப்பந்து அணியின் கேப்டன் பேசுவதாக இருந்தது. அழைப்பிதழிலும் அவர் பெயர்தான் போட்டிருக்கிறது. கடைசி நேரத்தில் அவரால் வெளிநாட்டிலிருந்து வர முடியவில்லை. சங்கச் செயலாளர் முந்தாநாள் ராத்திரி எனக்குப் போன் செய்து, "நீங்க வந்து பேசிருங்கண்ணே" என்றார். ஆக, இன்றைக்கும் நான் சப்ஸ்டிடியூட்டாகத்தான் இறங்கியிருக்கிறேன். பழக்கப்பட்ட வேலைதான். பயமில்லை.

நான் 1986 முதல் 1989 வரை இங்கே பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். விளையாட்டு அறையில் மாட்டியிருக்கிற அணிப் படத்தில், பின்வரிசையில் வலது ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற பையன் நான்தான். அந்தப் படத்துக்குக் கீழே ஐந்து பேர் பெயர் மட்டும் எழுதியிருக்கிறார்கள். மிச்சம் ஐந்து பேருக்கு "மற்றும் அணியினர்" என்று போட்டிருக்கிறார்கள். அந்த "மற்றும் அணியினர்" சார்பாகத்தான் இன்றைக்கு நான் பேச வந்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "தொடர் வெற்றியின் ரகசியம்". ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு தடவை ஜெயிக்க நல்ல ஐந்து பேர் போதும். தொடர்ந்து ஜெயிக்க பெஞ்சு நன்றாக இருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து நான் சொல்லவில்லை. கொடைக்கானலில் ஒரு தோல்வியில் பாதியைக் கற்றுக்கொண்டேன். மீதியை நானே செய்த ஒரு தவறில் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சொல்கிறேன்.

1987 ஜனவரி. நான் முதலாண்டு. கொடைக்கானலில் ஒரு போட்டிக்கு நம் அணி கிளம்பியது. பத்துப் பேர், பி.டி. சார், இரண்டு பந்து, ஒரு பை நிறைய விருப்பாட்சி மலைப்பழம். பழனியிலிருந்து வரதமாநதி அணையைத் தாண்டி மலையேறும் 64 கிலோ மீட்டர் பாதை. சவரிக்காடு தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கு வாந்தி. பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்கும்போது எல்லாருக்கும் பல் கிட்டியது. கீழே பனியனோடு ஏறியவர்கள் நாங்கள்.

மைதானத்தில் இறங்கி முதல் பந்தைத் தட்டியதும் கேப்டன், "என்னடா இது, கல்லு மாதிரி இருக்கு" என்றார். பழனியில் அளவாகக் காற்றடித்த பந்துதான். ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் கொண்டு வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடும். உள்ளே இருக்கும் காற்று அப்படியே இருப்பதால் பந்து விறைத்துக்கொள்ளும், கூடுதலாகத் துள்ளும். இயற்பியல் மாணவன் என்ற முறையில் எனக்கு அது புரிந்தது. ஆனால் பெஞ்சில் இருக்கிறவனிடம் யார் கேட்கப் போகிறார்கள்? நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதெல்லாம் ஆட்டம் இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. முதல் பாதியில் நம் ஐந்து பேரும் பிரமாதமாக ஆடினார்கள். 34க்கு 23. பதினொரு புள்ளி முன்னிலை. பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பாதி ஆரம்பித்து ஐந்தாறு நிமிடம் ஆனதும் ஏதோ மாறியது. நம் ஆட்கள் கூடைக்கு ஓடுகிறார்கள், திரும்பி ஓடி வரவில்லை, நடந்து வருகிறார்கள். கேப்டன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறார். ஃப்ரீ த்ரோ போர்டில்கூடப் படாமல் விழுகிறது. எதிரணிப் பையன்கள் மலையிலேயே தங்கிப் படிக்கிறவர்கள். அவர்களுக்கு அந்தக் காற்று பழக்கம். அது போதாதென்று எட்டுப் பேரை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 58க்கு 62. நாலு புள்ளியில் தோற்றோம். நாங்கள் ஐந்து பேர் போட்ட போர்வையை எடுக்கவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பெருமாள்மலையில் மறுபடியும் டீக்கு நின்றது. பி.டி. சார் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்: "ஏம்ப்பா, உனக்குக் கால் வலிக்குதா?"

"இல்ல சார்."

"அவனுக அஞ்சு பேருக்கும் கால் எந்திரிக்கல. உங்க அஞ்சு பேருக்கும் வேர்க்கவே இல்ல. தப்பு அவனுகளுதும் இல்ல, உங்களுதும் இல்ல. என்னுது."

ஒரு ஆசிரியர் ஒரு முதலாண்டு மாணவனிடம் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் கேட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாலை சார் சாக்பீஸை எடுத்து மைதானத்துத் தரையிலேயே ஒரு கணக்குப் போட்டார். தம்பிகள் கவனியுங்கள், கணக்கு ரொம்ப எளிது.

ஒரு ஆட்டம் 40 நிமிடம். இது இன்றைக்கும் அதேதான். 2000ஆம் ஆண்டிலிருந்து பத்து நிமிடம் வீதம் நாலு கால்பகுதியாகப் பிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான். எந்நேரமும் களத்தில் ஐந்து பேர். 40ஐ ஐந்தால் பெருக்கினால் 200 ஆள்-நிமிடம். இந்த 200ஐ ஐந்து பேர் சுமந்தால் ஆளுக்கு 40. எட்டுப் பேர் சுமந்தால் சராசரி 25. பத்துப் பேர் சுமந்தால் 20. ஒரே ஒரு ஆட்டம் என்றால் இளவட்டம் 40 நிமிடத்தையும் தாங்கிவிடும். ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி எப்படி நடக்கிறது? இரண்டு மூன்று நாளில் நாலு ஆட்டம். காலையில் அரையிறுதி, சாயங்காலம் இறுதி. நாலு ஆட்டத்தில் ஐந்து பேர் அணியில் ஒருவன் 160 நிமிடம் ஓடியிருப்பான். எட்டுப் பேர் அணியில் ஒருவன் 100 நிமிடம் ஓடியிருப்பான். இறுதி ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் யார் கால் எழும்பும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது கணக்கு, ஃபவுல். ஒருவன் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டும். நல்ல மாற்று ஆள் இல்லாத அணியில், மூன்றாவது ஃபவுல் விழுந்ததுமே ஆட்டக்காரன் பயந்து ஆட ஆரம்பித்துவிடுவான். எதிராளி உள்ளே வரும்போது கையை உயர்த்தாமல் வழிவிடுவான். அவன் களத்தில்தான் இருப்பான், ஆனால் தடுப்பாட்டத்தில் இருக்க மாட்டான். பெஞ்சில் தகுந்த ஆள் இருந்தால் அவன் தைரியமாகத் தடுப்பான். ஆகவே பெஞ்சு களத்தில் இறங்குவதற்கு முன்பே வேலை செய்கிறது.

மூன்றாவது, பயிற்சி. இதை யாரும் யோசிப்பதில்லை. தினமும் சாயங்காலம் உங்கள் முதல் ஐந்து பேர் யாரோடு ஆடுகிறார்கள்? உங்கள் இரண்டாவது ஐந்து பேரோடு. அந்த இரண்டாவது ஐந்து சொத்தையாக இருந்தால் முதல் ஐந்துக்குத் தங்கள் குறை தெரியவே தெரியாது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து வெளி ஆட்டம்தான் கிடைக்கும். மற்ற எல்லா நாளும் உங்கள் எதிரணி உங்கள் பெஞ்சுதான்.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. கல்லூரி என்பது மூன்று வருஷக் கடை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் மூன்றாம் வருஷம் முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான். வங்கி அணியோ ரயில்வே அணியோ ஒரு நல்ல ஆட்டக்காரரைப் பல வருஷம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு அந்த வசதி கிடையாது. இந்த வருஷத்துப் பெஞ்சுதான் அடுத்த வருஷத்து அணி.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு சார் ஒரு உதாரணம் சொன்னார். பழனிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சாமி புறப்பாட்டில் சப்பரம் தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தண்டில் இருக்கிற ஆட்கள் மட்டும் வருவதில்லை. பக்கத்திலேயே மாற்று ஆட்களும் தோளில் துண்டோடு நடந்து வருவார்கள். தூக்குகிறவன் சோர்ந்து சாமி சாய்ந்த பிறகா தோள் மாற்றுகிறார்கள்? இல்லை. சோர்வதற்கு முன்பே, நடை நிற்காமலே மாற்றுகிறார்கள். கும்பிடுகிறவர்களுக்கு ஆள் மாறியது தெரியாது, சாமி அசையாமல் போவதுதான் தெரியும். "இனிமே நம்ம டீம் அப்படித்தாண்டா ஆடணும்" என்றார் சார்.

அன்றிலிருந்து சில விதிகள் வைத்தார். முதல் ஏழு நிமிடத்துக்குள் ஒரு மாற்றம் நடந்தே தீரும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் மாற்றக் கூடாது. ஆடிக்கொண்டிருப்பவர்களில் மூன்று பேராவது களத்தில் நின்றால்தான் ஆட்டத்தின் நடை கெடாது. பெஞ்சில் இருக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை. ஒருவன் எதிரணியின் ஃபவுல்களை எண்ண வேண்டும். ஒருவன் எதிராளி எந்தக் கையால் டிரிபிள் செய்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்க்க வேண்டும். ஒருவன் ரெஃப்ரி எதற்கு விசில் ஊதுகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கவனிக்க வேண்டும். இறங்கும்போது அவன் பாதி ஆட்டத்தைக் கண்ணாலேயே ஆடி முடித்திருக்க வேண்டும்.

கேப்டனுக்கு இது பிடிக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே ஏழாவது நிமிடம் அவரை வெளியே எடுத்தார் சார். கேப்டன் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டுப் போய்த் தனியாக உட்கார்ந்தார். சார் கண்டுகொள்ளவே இல்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப இறக்கினார். அன்றைக்குக் கடைசி நிமிடத்தில் எதிரணிக் கூடையிலிருந்து நம் கூடைவரை ஓடி வந்து ஒரு பந்தைத் தடுத்தார் கேப்டன். ஆட்டம் முடிந்து, "கால் எனக்கு லேசா இருந்துச்சுடா" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

1988 பிப்ரவரியில் மதுரையில் மண்டல இறுதி. காலையில் அரையிறுதி, சாயங்காலம் இறுதி. முதல் பாதி முடிவதற்குள் நம் ஆட்களில் இரண்டு பேருக்கு நாலு நாலு ஃபவுல். எட்டு நிமிடம் இருக்கும்போது ஒருவர் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினார். சார் என்னைப் பார்த்தார். "அந்த ஏழாம் நம்பர் எந்தப் பக்கம் திரும்புவான்?" என்று மட்டும் கேட்டார். "எடப் பக்கம் சார். வலது பக்கம் போற மாதிரி காட்டிட்டு எடப் பக்கம் வருவான்." "போ."

எட்டு நிமிடத்தில் நான் எடுத்தது மூன்று புள்ளி. ஒரு கூடை, ஒரு ஃப்ரீ த்ரோ. ஆனால் அந்த ஏழாம் நம்பருக்கு அந்த எட்டு நிமிடமும் இடது பக்கம் வழி கிடைக்கவில்லை. ஐந்து புள்ளியில் ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த படம்தான் நான் முதலில் சொன்ன படம்.

இது நம் ஊர்க்கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். விளையாட்டின் வரலாறே இந்தப் பக்கம்தான் நகர்ந்து வந்திருக்கிறது. 1891இல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கினார். ஆரம்ப காலத்தில் அங்கே ஒருமுறை வெளியே வந்தவர் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. 1920இல்தான் ஒரு தடவை திரும்ப வரலாம் என்றார்கள். 1930களில் இரண்டு தடவை ஆக்கினார்கள். 1944இல்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று வந்தது. அந்த விதி வந்த பிறகுதான் பெஞ்சு என்பது ஒரு ஆயுதமாயிற்று.

அதை முதலில் நன்றாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக். ஃபிராங்க் ராம்ஸே, அவருக்குப் பின் ஜான் ஹவ்லிசெக் என்ற திறமைசாலிகளை வேண்டுமென்றே ஆரம்பத்தில் உட்கார வைத்து, மற்றவர்கள் களைக்கத் தொடங்கும் நேரத்தில் ஆறாவது ஆளாக இறக்கினார். 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 பட்டம் வாங்கியது அந்த அணி. இன்று என்.பி.ஏ.யில் சிறந்த ஆறாவது ஆளுக்கென்றே ஒரு விருது இருக்கிறது. 1982-83 பருவத்திலிருந்து கொடுக்கிறார்கள். 2014இல் பட்டம் வென்ற சான் அன்டோனியோ அணியில், லீக் ஆட்டங்களில் சராசரியாக 30 நிமிடம் ஆடியவர் ஒருவர்கூடக் கிடையாது. 48 நிமிட ஆட்டத்தில் இது சாதாரண விஷயமில்லை.

கல்லூரி அணிகளிலும் உதாரணம் உண்டு. 1996இல் அமெரிக்கக் கல்லூரிப் பட்டத்தை வென்ற கென்டக்கி பல்கலைக்கழக அணியில் இருந்தவர்களில் ஒன்பது பேர் பிற்பாடு என்.பி.ஏ.யில் ஆடினார்கள். ஓயாமல் ஆள் மாற்றி, மைதானம் முழுக்க எதிராளியை நெருக்கியே ஜெயித்தார்கள்.

ஆனால் ஒரு தராசுக்கு இரண்டு தட்டு. அதே கென்டக்கி 2014-15இல் இன்னும் பெரிய படையோடு வந்தது. பருவத் தொடக்கத்தில் ஐந்து ஐந்து பேராக இரண்டு அணியாகவே மாற்றி இறக்கினார்கள். தொடர்ந்து 38 வெற்றி. கடைசியில் அரையிறுதியில், பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிப் பழகிய விஸ்கான்சின் அணியிடம் 71க்கு 64 என்று தோற்றார்கள். ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒருவர் கை அசைவு மற்றவருக்குத் தெரிகிற பழக்கமும் வேண்டும். பெஞ்சை வளர்ப்பது என்றால் பன்னிரண்டு பேருக்கு ஜெர்ஸி கொடுப்பது அல்ல. பன்னிரண்டு பேரையும் சேர்ந்து ஆட வைப்பது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாதது.

1988இல் பி.டி. சார் ஓய்வு பெற்றார். அந்த வருஷமே எங்கள் சீனியர்கள் படிப்பு முடித்துப் போனார்கள். முதல் ஐந்தில் மூன்று இடம் காலி. வேறு அணியாக இருந்தால் அங்கேயே படுத்திருக்கும். சார் முந்தைய வருஷமே எங்களை ஆட வைத்திருந்ததால் அணி படுக்கவில்லை. எனக்கு முதல் ஐந்தில் இடம் கிடைத்தது. துணைக் கேப்டன் பொறுப்பும் கிடைத்தது. புதிய உடற்கல்வி ஆசிரியர் வந்து பொறுப்பேற்கச் சில மாதம் ஆயிற்று. அதுவரை யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதை நானும் கேப்டனுமே முடிவு செய்தோம். அப்புறமும் அதே பழக்கம் தொடர்ந்தது.

இரண்டு வருஷம் பெஞ்சில் இருந்தவன் நான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சார் செய்ததைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. களத்தில் இறங்கிய ருசி எனக்கு வெளியே வர மனசு விடவில்லை. ஏழு பேரை வைத்தே அந்த வருஷம் முழுக்க ஆடினோம். அந்த வருஷமும் மண்டலக் கோப்பை நமக்குத்தான். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், நான் நடு வரிசையில் நின்றேன்.

முதலாண்டில் ஒரு பையன் இருந்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். உயரமானவன், கை சுத்தமானவன். தினமும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, பயிற்சி முடிந்ததும் பந்துகளைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு, கிடைத்த வண்டியில் ஊருக்குப் போவான். அந்த வருஷம் ஒரு ஆட்டத்தில்கூட நாங்கள் அவனை இறக்கவில்லை. ஒரு ஆட்டத்தில் இருபது புள்ளி முன்னிலை இருந்தது. மூன்று நிமிடம் பாக்கி. அவன் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை. "ஏண்டா வரல?" என்று போய்க் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

1989-90. நாங்கள் போய்விட்டோம். களத்தில் ஆடிப் பழகியவன் என்று மைதானத்தில் இரண்டே பேர். முதல் சுற்றிலேயே நம் கல்லூரி தோற்றது. செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது. படித்ததும் எனக்கு அந்த ஷூ லேஸ்தான் ஞாபகம் வந்தது. கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன், அதன் விலையை அடுத்த வருஷத்துப் பையன்கள் கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து அவனைப் பெரியகுளத்தில் பார்த்தேன். பழனி மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாகக் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துவது உங்களுக்குத் தெரியும். மின்னொளியில் ஆட்டம், கேலரி நிறையக் கூட்டம். நம் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்று இவ்வளவு காலம் இதைச் செய்வது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். கேலரியில் மகனோடு உட்கார்ந்திருந்தான். நான்தான் போய்ப் பேசினேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவன் சிரித்துவிட்டு, "விடுங்கண்ணே. இவன் ஸ்கூல் டீம்ல இருக்கான். பெஞ்சுதான். எப்படி உக்காந்து பாக்கணும்னு சொல்லிக் குடுக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

நண்பர்களே, இப்போது நான் இந்தக் கதையெல்லாம் ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். இன்று பிற்பகல் சங்கப் பொதுக்குழு. அதில் விளையாட்டு நிதி பற்றி ஒரு தீர்மானம் வருகிறது. கூடைப்பந்து அணியின் "முதல் ஐந்து வீரர்களுக்கு" மாதாந்திர உணவுப்படியும் ஷூவும் கொடுப்பதாக வரைவில் இருக்கிறது. நல்ல மனசோடு எழுதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த "ஐந்து" என்ற சொல்லை அடித்துவிட்டு "பன்னிரண்டு" என்று எழுதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் போதாது என்பீர்கள். ஐந்து பேருக்குக் கொடுக்க நினைத்ததைப் பன்னிரண்டாகப் பகிர்ந்து கொடுங்கள். ஷூவை முதல் வருஷம் கொடுங்கள், படியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். முட்டையும் பாலும் வாழைப்பழமும் ஆறாவது ஆளுக்கும் பசிக்குத்தான் தேவை. ஐந்து பேருக்கு மட்டும் படி கொடுத்தால், இந்த மைதானத்தில் இரண்டு சாதி உண்டாகிவிடும். ஆறாவது பையன் மாலையில் டியூஷனுக்கோ பகுதிநேர வேலைக்கோ போய்விடுவான். அவன் மேல் தப்பில்லை.

இன்னொன்று. நம் பெண்கள் அணியில் இப்போது ஏழே பேர் என்று கேள்விப்பட்டேன். ஏழு பேர் என்றால், ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குக் கணுக்கால் பிசகு, அத்தோடு மாற்று ஆளே கிடையாது. திறமை இல்லாமல் அல்ல. பயிற்சி முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இல்லை, அதுதான் காரணம் என்கிறார்கள். பயிற்சி நாளில் ஒரு வேன் ஏற்பாடு செய்தால் ஏழு பன்னிரண்டாகும். சென்னையிலிருந்து போய் இந்திய அணிக்கு ஆடி 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை நம் தமிழ்நாட்டுப் பெண்தான். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75க்கு 73 என்று இரண்டே புள்ளியில் ஜெயித்தார்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிற ஆட்டத்தில் பெஞ்சில் இருந்து யார் கொடுத்த ஓய்வு, யார் தடுத்த ஒரு பந்து கணக்கைத் தீர்த்தது என்று யாரால் சொல்ல முடியும்?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் ஐந்தில் இருக்கிறவர்களே, வெளியே கூப்பிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போகிறவன் கையைத் தட்டி, எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். பெஞ்சில் இருக்கிறவர்களே, மலையில் ஆடும்போது ஸ்வெட்டரைக் கழற்றாமல் உடம்பைச் சூடாக வைத்திருங்கள், கண்ணை ஆட்டத்தில் வைத்திருங்கள். பந்து கல்லு மாதிரி இருக்கிறது என்று தெரிந்தால் எழுந்து போய்ச் சொல்லுங்கள், கொஞ்சம் காற்றை இறக்கினால் சரியாகிவிடும். நான் அன்றைக்கு வாயைத் திறக்காதது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. கேப்டன் ஆகிறவர்களே, இருபது புள்ளி முன்னிலையில் மூன்று நிமிடம் பாக்கி இருக்கும்போது பெஞ்சுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அங்கே யாராவது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பான்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். விளையாட்டு அறையில் இருக்கிற அந்தப் படத்துக்குக் கீழே மற்ற ஐந்து பேர் பெயரையும் எழுதி வையுங்கள். பெயர்ப் பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தருகிறேன். அதற்கு அடுத்த வருஷத்துப் படத்துக்கும் ஒரு பெயர் சேர்த்து எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தில் அவன் இல்லை. படம் எடுக்கும் முன்பே போய்விட்டான். ஆனாலும் எழுதி வையுங்கள்.

தலைவர் மணியை அடிப்பதற்கு முன் நானே வெளியே வந்துவிடுகிறேன்.